பச்சை எரிந்தால் நம்மவர்

“மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்கு ராணுவ வண்டி வாசல்ல நிக்கும். அதுக்குள்ள சொல்லிடு. ஒரிஜினல் செட்டை எவன்கிட்ட வித்த?”

மருதாசலம் மேசையில் ஓங்கி அடித்தார். அதன்மேல் இருந்த ஐந்து வயர்லெஸ் செட்டுகளும் குலுங்கின.

“நா எதையும் விக்கல சார்,” என்றான் இளவழகன். “அஞ்சு குடுத்தீங்க. அஞ்சும் இருக்குது.”

“அப்ப மெஷின் பொய் சொல்லுதா?”

இளவழகன் காயத்ரியைப் பார்த்தான். மேசையோரம் இருந்த சோதனைப் பெட்டிதான் மெஷின்; அதன் மூளை அவள் எழுதியது.

வயர்லெஸ் செட் ஒவ்வொன்றின் அலைக்கும் ஒரு முகம் உண்டு. முன்பெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு அலையாகப் பார்த்து, இது நம்முடையது, இது எதிரியுடையது என்று பிரித்தார்கள். வருடக்கணக்கில் ஆகும். காயத்ரியின் புரோகிராம் பதிவுகளிலிருந்து தானே கற்றுக்கொண்டது. பெட்டியில் பச்சை எரிந்தால் நம்மவர். சிவப்பு எரிந்தால் எதிரி. உடனே ஜாமர் அந்தப் பேச்சை அடைத்துவிடும்.

நேற்று உள்ளூர் உதவியாளனான இளவழகன் தனியாகச் சோதித்தபோது, ராணுவம் கொடுத்த ஐந்து செட்டுக்கும் சிவப்பு எரிந்திருந்தது. அவனே மருதாசலத்துக்குப் போன் செய்து சொன்னான். ஒரிஜினலை விற்றுவிட்டு வேறு செட்டுகளை மாற்றி வைத்திருக்கிறான் என்று அவர் முடிவுகட்டினார்.

“இங்க வர்றவரைக்கும் ரெண்டு மாசமா தினம் ஓட்டிப் பாத்திருக்கேன்,” என்றாள் காயத்ரி. “ஒருதடவைகூடத் தப்பா சொன்னதில்லை.”

“அப்ப என்னையத்தான் திருடன்றீங்க.”

“வேற யாரைச் சொல்றது?” மருதாசலத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அவர் தொடங்கிய கம்பெனி இது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்ததால், போன வாரம்தான் வடக்குத்து கிராமத்தில் இந்த வாடகை மாடிக்கு வந்தார். “இங்க வந்த அன்னிக்கே சொன்னாங்க, இந்த ஊர்க்காரனை உள்ள விடாதேன்னு. நான் கேக்கலை.”

“எங்கப்பன் களை பறிச்சிக்கினு இருந்த மண்ணுலதான் சார் உங்க டவுன்ஷிப் பிளாக்கு நிக்குது. அதுக்கு நா யாரு மேல கேசு குடுக்கறது?”

“வாய மூடுறா! ராணுவப் பொருள். போலீசுல சொன்னா வெளிய வரவே மாட்ட.”

“சொல்லுங்க. அதுக்கு முன்னால என் கண்ணெதிர ஒருதரம் ஓட்டிக் காட்டுங்க.”

காயத்ரி பெட்டியை ஓடவிட்டாள். இளவழகன் முதல் செட்டை எடுத்துப் பட்டனை அழுத்தினான்.

“வடக்குத்து இளவழகன் பேசறேன். நா திருடன் இல்ல.”

பச்சை.

அடுத்த செட். பச்சை. ஐந்துக்கும் பச்சை.

அவன் சிரித்துவிட்டான். “பாத்துக்கினீங்களா சார்?”

“பாத்தேன்.” மருதாசலம் சிரிக்கவில்லை. “நேத்து மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் ராத்திரியே ஒரிஜினலைக் கொண்டாந்து வெச்சிட்ட. பாத்தியா காயத்ரி, இதைவிட என்ன சாட்சி வேணும்?”

காயத்ரிக்கும் அப்படித்தான் தோன்றியது.

“அட பாவிங்களா,” என்றான் இளவழகன். “சிவப்பு எரிஞ்சாலும் திருடன். பச்சை எரிஞ்சாலும் திருடனா?”

மருதாசலம் அவன் கையிலிருந்த செட்டைப் பிடுங்கினார். இன்னொரு கையில் போனை எடுத்தார். தலைக்கு மேல் மின்விசிறி வேகம் குறைந்து நின்றது. அவர் கவனிக்கவில்லை.

“சோறு போட்ட கையக் கடிச்சிட்டியேடா! நாட்டுக்கே துரோகம் பண்ணிருக்க. உன்னை…”

“சார்,” என்றாள் காயத்ரி.

“நீ சும்மா இரு!”

“சார், பட்டனை அழுத்திக்கிட்டே பேசறீங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த பெட்டியில் சிவப்பு எரிந்தது.

காயத்ரி எழுந்து மற்ற நான்கு செட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். நான்கும் சிவப்பு.

“இளவழகா, நேத்து நீ ஓட்டினப்ப கரண்ட் இருந்துச்சா?”

“இதென்ன கேள்வி மேடம்? ஊரு ஒலகமே தெனம் எட்டு மணி நேரம் இருட்டுல கெடக்குது. எங்க ஊரு பக்கத்துலதான் கரண்ட் எடுக்கறீங்க. எங்களுக்குத்தான் கெடையாது. நேத்தும் அப்படித்தான், பத்துக்குப் போனா பன்னெண்டுக்கு வரும். இத ஒரு சேதின்னு உங்களாண்ட சொல்லணுமா?”

சொன்ன நேரத்துக்கு முன்பே, கீழே ராணுவ வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“ஜெனரேட்டர்!” என்றார் மருதாசலம். “டேய், எதுத்த கடையில இருந்து ஜெனரேட்டரைக் கேட்டு வாங்கிட்டு வா. கரண்ட் வந்தா சரியாத்தானே சொல்லுது?”

“போலீசுக்கு சொல்லலீங்களா சார்?”

“போடா, சீக்கிரம்!”

இளவழகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மாடிப்படியில் பூட்ஸ் ஒலி ஏறி வந்தது. காயத்ரி பெட்டியை நிறுத்தினாள்.

“எதிரியோட பதிவெல்லாம் எல்லைக் காட்டுல எடுத்தது. நம்ம பதிவெல்லாம் கரண்டே போகாத டவுன்ஷிப்ல, ட்யூப்லைட்டுக்குக் கீழ உக்காந்து நான் எடுத்தது. இது செட்டை அடையாளம் கண்டுபிடிக்கவே இல்ல சார். பின்னால கேக்கற கரண்ட் இரைச்சலைத்தான் நம்மவர்னு படிச்சிருக்கு. எல்லையில நம்ம ஆளு பேட்டரியிலதானே பேசுவான், அவனை இது யாருன்னு சொல்லும்?”