கை நடுக்கம்

"நிஜத்தைச் சொல்லுங்க. நான் குடுத்த மாத்திரையைப் போட்டீங்களா, இல்லையா?"

கதவைத் திறந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கேட்டுவிட்டாள். காரில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள்.

"போட்டேனே" என்றார் கணவர், சாவியை ஆணியில் மாட்டியபடி.

"போட்ட மனுஷனுக்கா கை அந்த ஆட்டம் ஆடும்?"

அவளுக்கு மானம் போயிருந்தது. அவள் குழு கண்டுபிடித்த புது மருந்துக்குப் பரிசு அறிவித்திருந்தார்கள். அதைக் கொண்டாட ஆராய்ச்சி நிலையத்தில் விருந்து. குடும்பத்தின் சார்பில் நான்கு வார்த்தை பேச அவள் கணவரை அழைத்தார்கள். மேடையேறியவரின் கையிலிருந்த காகிதம் மைக்கில் சடசடவென்று அடித்துக்கொண்டது. தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தார், பாதி சட்டைக்குப் போனது. கட்டட வரைபடம் வரைகிறவர். மேஜையில் உட்கார்ந்தால் மயிரிழை பிசகாமல் கோடு போடும் கை அது. மேடை என்றால் மட்டும் இந்தக் கூத்து.

"அதோட விட்டுச்சா? 'எங்க வீட்டுக்காரருக்கு மாத்திரை குடுத்திருக்கேன், கல்லு மாதிரி நிப்பாரு பாருங்க'ன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். டைரக்டர் சிரிச்சுக்கிட்டே, 'என்னம்மா, உன் வித்தை உன் வீட்லயே பலிக்கலையே'ன்னார். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு."

"தப்புதான். விடும்மா."

"எப்படி விடறது? எத்தனை தடவை சொல்லியிருக்கேன். செல்லுக்கு வெளியே ரிசெப்டர்னு ஒண்ணு இருக்கு. வாசல்ல இருக்கிற காலிங் பெல் ஸ்விட்ச்னு வெச்சுக்குங்க. பயம் வந்தா அட்ரினலின் ஓடி வந்து அதை அழுத்தும். உள்ளே ஜி புரதம்னு ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான். அவன் எழுந்து வீட்டையே எழுப்பிடுவான். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இந்த மாத்திரை அந்த ஸ்விட்ச் மேல போய் உட்கார்ந்துக்கும். அப்புறம் யார் வந்தாலும் அழுத்த முடியாது."

"உடம்புல இருக்கிற எல்லா ஸ்விட்ச் மேலயும் உட்காருமா?"

"மருந்துக் கடையில விக்கிறதுல மூணுல ஒரு பங்கு இந்த மாதிரி ஸ்விட்சை நம்பித்தான் பொழைக்குது. எங்க நிலையத்துக்கே அதுதான் சோறு போடுது. எனக்குத் தெரியாததா? நான் சொன்னதை நீங்க செய்யுங்க, போதும்."

கைப்பையைத் துழாவி, அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். சமையலறையிலிருந்து தண்ணீரும் கொண்டுவந்தாள்.

"இப்பவேவா? அதுவும் ரெண்டா?"

"என் கண்ணு முன்னாடி போடுங்க. உடம்புக்குப் பழகட்டும். சனிக்கிழமை பரிசு வாங்கறப்போ பெரிய அரங்கம், டிவிக்காரங்க எல்லாம் வருவாங்க. அங்கேயும் இப்படி ஆடினீங்கன்னா, நான் தனியாவே போயிக்கறேன். உங்களைப் பக்கத்துல நிறுத்தி வெச்சுக்க எனக்கு வெக்கமா இருக்கு."

சொன்ன பிறகுதான் அதிகம் பேசிவிட்டோமோ என்று அவளுக்குப் பட்டது. ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் மாத்திரைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வரணும்மா. அன்னைக்கு உன் பக்கத்துல நான் நிக்கணும்" என்றார். இரண்டையும் வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் குளியலறைப் பக்கம் நடந்தார்.

குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே துப்புகிற சத்தமும் கேட்டது.

"அப்போ, அங்கேயும் இதேதான் பண்ணியிருக்கீங்க" என்று கொதித்துப் போய்க் கதவைத் தள்ளினாள்.

கழுவு தொட்டியில் இரண்டு மாத்திரைகளும் கரையாமல் கிடந்தன. அவர் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, நீல நிற இன்ஹேலர் ஒன்றை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூச்சுக்குழாயைத் திறக்க இன்ஹேலர் அழுத்துவதும் அதே மாதிரி ஸ்விட்சைத்தான். அந்த இரண்டு மாத்திரைகளும் உள்ளே போயிருந்தால், இன்ஹேலர் பலிக்காமல் அவர் மூச்சு முட்டிச் செத்தே போயிருக்கலாம்.

"மேடையில எனக்குப் பயமெல்லாம் இல்லம்மா" என்றார் அவர். "உன்னைப் பத்திப் பேசறப்போ நடுவுல இழுப்பு வந்துடக் கூடாதுன்னு, ஏறுறதுக்கு முன்னாடி நாலு தடவை அடிச்சுக்கிட்டேன். இதை அதிகமா அடிச்சா கை நடுங்கும்."

அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். மருந்துச் சோதனைக்கு வருகிற முன்பின் தெரியாதவர்களிடம்கூட, 'உங்களுக்கு ஆஸ்துமா உண்டா?' என்று கேட்காமல் அவள் ஒரு மாத்திரையைத் தொட விட்டதில்லை. இவரிடம் கேட்கத் தோன்றவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டாள்.

"நாம முதல் முதல்ல காபி குடிக்கப் போனோமே, ஞாபகம் இருக்கா? 'உங்களுக்கு முன்னாடி பேசின மாப்பிள்ளைக்கு ஆஸ்துமாவாம், நல்ல வேளை தப்பிச்சேன்'னு சொல்லிச் சிரிச்சே" என்றார் அவர். "நானும் உன்கூடச் சேர்ந்து சிரிச்சுட்டேன்."