லேவ்கோவுக்கு மூன்று மார்க்

"தமாரா டீச்சரை மட்டும் பேச விடவே கூடாது" என்று பதினோராம் வகுப்பு யாரினா முடிவு கட்டிவிட்டாள்.

காரணம் இருந்தது. போரில் இறந்துபோன பழைய மாணவன் லேவ்கோ பெயரில் வகுப்பறையில் ஒரு பெஞ்சு வைக்கும் வேலையை அவளும் அவள் கூட்டாளிகளும்தான் எடுத்துச் செய்தார்கள். மேல்பலகையில் அவன் படம், பக்கத்தில் அவனைப் பற்றிய குறிப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் அதில் உட்காரலாம். எங்கள் உக்ரைனில் இப்போது பல பள்ளிக்கூடங்களில் இந்த வழக்கம் உண்டு.

குறிப்பில் என்ன எழுதலாம் என்று கணக்கு டீச்சர் தமாராவிடம் கேட்கப் போனார்கள்.

"யாரு, லேவ்கோவா? சரியான தறுதலை. பன்னிரண்டுக்கு மூணு மார்க். அதுவும் நான் பாவம் பார்த்துப் போட்டது."

செத்தவனைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது? யாரினாவுக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சரை நம்பிப் பயனில்லை என்று தானே உட்கார்ந்து எழுதினாள். ஒழுக்கம் மிக்கவர், படிப்பில் சிறந்தவர், அனைவருக்கும் முன்மாதிரி.

கூட்டாளிகளில் தனிலோ என்ற பையன், "இதை லேவ்கோ படிச்சா, 'யாரு இது?'ன்னு அவனே கேப்பான்" என்றான். யாரினா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

அவளுக்கு இருந்த கவலையெல்லாம் லேவ்கோவின் அம்மா ஸோயாவைப் பற்றித்தான். நகர மன்றத்தில் அவனுக்கு விழா எடுத்தார்கள். ஒரு தெருவுக்கு அவன் பெயரை வைத்தார்கள். இரண்டிலும் அந்த அம்மா பாதியில் எழுந்து போய்விட்டார். திமிர் என்று சிலர், புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர். ஊர் வாயை யார் மூட முடியும்? நம் விழாவிலாவது அவர் கடைசிவரை இருக்க வேண்டும் என்று யாரினா ஆசைப்பட்டாள். அதற்காகவே குறிப்பை மெருகேற்றிக்கொண்டே இருந்தாள்.

விழா நாள் வந்தது. யாரினா மைக்கைப் பிடித்து வாசித்தாள். 'முன்மாதிரி' என்ற இடம் வரும்போதே ஸோயா கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டார். யாரினா அவசர அவசரமாக அடுத்த வரிக்குத் தாவினாள்.

அந்த நேரம் பார்த்து சைரன் ஊதியது.

எல்லோரும் வழக்கம்போல நிலவறைக்கு இறங்கினார்கள். ஸோயாவும் வேறு வழியில்லாமல் இறங்கி ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தது யார் என்று பார்த்தால், தமாரா டீச்சர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாரினா போய்ச் சேர்வதற்குள் டீச்சர் ஆரம்பித்துவிட்டார்.

"உங்க பையன் என் கைப்பைக்குள்ள முள்ளெலியை விட்டவன், தெரியுமா?"

சுற்றி இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், ப்ளீஸ். இப்ப வேண்டாமே" என்று யாரினா கெஞ்சினாள்.

டீச்சர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "மன்னிப்பு கேளுடான்னேன். கேட்டான், முள்ளெலிகிட்ட. 'உன்னைப் போய் இந்தப் பைக்குள்ள அடைச்சேனே'ன்னு. வெளியே போடான்னேன். கதவு இருக்க, ஜன்னல் வழியா போனான். நல்லவேளை, தரைத்தளம்."

ஸோயாவின் தோள்கள் குலுங்கின. முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்று பதறி, யாரினா தண்ணீர் பாட்டிலோடு ஓடினாள்.

கிட்டே போனால், அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

"எல்லா மேடையிலயும் யாரோ ஒரு நல்ல பையனைப் பத்தியே பேசுறாங்க, டீச்சர். அவனை எனக்குத் தெரியவே தெரியாது. என் பிள்ளையை ஒருத்தரும் சொல்லலையேன்னு இருக்கும். எழுந்து போயிடுவேன்."

யாரினா பாட்டிலைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தான் மெருகேற்றியது யாரை என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அபாயம் நீங்கியதாகப் போன்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தின. பிள்ளைகள் படியேறினார்கள். ஸோயா எழுந்திருக்கவில்லை.

"இந்த முள்ளெலி விஷயம் எனக்குத் தெரியாது" என்றார். "இன்னும் ஏதாவது இருக்கா, டீச்சர்?"

"ஏழு வருஷம் கட்டி மேய்ச்சிருக்கேன் அவனை" என்றார் தமாரா டீச்சர். "இல்லாம இருக்குமா?"