கோடி பெஞ்சில் இருந்தவன்

சவரியம்மாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குடல் வெடித்த கணவன் ஞானமுத்துவை இறத்தோட்டையிலிருந்து தேயிலைத் தோட்டத்து லொறியில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தாள். மண்சரிவால், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் கண்டி ரோடு மூடிக் கிடந்தது. ஒப்பரேஷன் இங்கேதான் என்றார்கள்.

வராந்தாவின் கோடி பெஞ்சில் ஓர் இளைஞன் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"என்ன தம்பி, யாருக்கு முடியல?"

"பயமாக் கிடக்கு அம்மா. உள்ளுக்க ஏதும் பிசகிட்டா?"

அதுவரை அலைந்துகொண்டிருந்தவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க. ஆண்டவர் கைவிட மாட்டாரு. செபம் சொல்லுங்க."

"எனக்குச் செபம் தெரியாது."

"அப்ப நான் சொல்றேன். கண்ண மூடிக்கங்க."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் அவனோடு இருக்க வேண்டுமென்று மன்றாடினாள். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது.

தாதி ஒருத்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"டொக்டர், எல்லாம் ரெடி. ஞானமுத்துவ மேசையில ஏத்தியாச்சு."

இளைஞன் எழுந்தான். சவரியம்மா அவன் கைகளைப் பார்த்தாள். இந்தக் கையா?

அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கும் விளங்கிவிட்டது. "உங்கட கணவரா அம்மா?"

"ஆமாங்க ஐயா." அவள் எழுந்து வழிவிட்டாள். "போங்க. ஆண்டவர் கூட இருப்பாருன்னு நான்தானே சொன்னேன்."

கதவு மூடியதும், சொன்ன செபத்தையே மறுபடி சொன்னாள். பாதியில் வார்த்தை மறந்தது. முதலிலிருந்து தொடங்கினாள்.

மாலையில் டொக்டர் வெளியே வந்தார். அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஞானமுத்து தண்ணீர் கேட்கிறான் என்று தாதிதான் சொன்னாள்.