ஒன்பதரை மணிக்குக் கழட்டிய வயர்

“அண்ணை, பகலிலை உங்கடை லப்ரொப்பை ஆர் பாவிக்கிறது?”

கூட வேலைசெய்யும் பிரவீணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“ஒருத்தரும் தொடுறேல்லை,” என்றான் சுதாகரன். “நான் கந்தோரிலை நிக்கேக்கை அது வீட்டிலை சார்ஜ் வயரோடை கிடக்கும். பின்னேரம் போய்த்தான் திறந்து வீட்டுப் பிளான் கீறுவன். வயரைக் கழட்டினால்தானே பற்றரி தேயும்? புதுப் பற்றரி போட்டு மூண்டு வருசம். இண்டைக்குத்தான் முதன்முதல் கழட்டியிருக்கிறன்.”

கந்தோரில் இந்தக் கதையைக் கேட்காதவர் இல்லை. மற்றவர்களின் பற்றரிகள் ஒன்றரை வருடத்தில் செத்துப்போக, சுதாகரனுடையது மட்டும் புதிதுபோல் நின்றது. கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் அவன் சொல்லும் மருந்து ஒன்றுதான்: வயரைக் கழட்டாதே.

பிளான் கீறும் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டுத் தருவதாக லப்ரொப்பை வாங்கிய பிரவீணன், அந்த அதிசயப் பற்றரியின் அறிக்கையையும் எடுத்துப் பார்த்திருந்தான்.

“பற்றரி நல்லாத்தான் இருக்கு. ஆனா அறிக்கை வேறை கதை சொல்லுது அண்ணை. போன கிழமை காலமை ஒன்பதரைக்கு வயர் கழட்டியிருக்கு. பன்னிரண்டு மணிமட்டும் பற்றரியிலை ஓடியிருக்கு. திங்கள், செவ்வாய், புதன்... நீங்கள் வேலைக்கு வந்த ஒரு நாளும் தப்பேல்லை.”

“பிழையாக் காட்டுதாக்கும்.”

“நேரம் போட்டிருக்கு, பாருங்கோ. பாஸ்வேட் ஆருக்குத் தெரியும்?”

“எனக்கு மட்டும்.”

“அப்ப ஆரோ கண்டுபிடிச்சிருக்கினம்.”

பக்கத்து மேசைக் கிறிஸ்ரினா, “வீட்டிலை பகலிலை ஆர் நிக்கிறது?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாது என்பதுபோல் குனிந்துகொண்டாள்.

நிற்பது அவன் மனைவி உதயகலா மட்டும்தான்.

சுதாகரன் லப்ரொப்பைப் பையில் வைத்தான்.

அன்று பின்னேரம் வீட்டில் அவளிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. வழமைபோல லப்ரொப்பை வயரில் போட்டான். பிறகு வெளியே போய், உடுப்பிட்டியில் இருக்கும் அவளின் தமையன் ஜெயதீபனுக்குப் போன் எடுத்தான்.

“மச்சான், நாளைக்குக் காலமை பத்து மணிக்கு எங்கடை ஒழுங்கை முடக்குக்கு வாங்கோ. வீட்டுக்கு வரவேண்டாம்.”

“என்ன பிரச்சினை?”

“உங்கடை தங்கச்சி ஆரோடையோ கதைக்கிறாள். நான் சொன்னால் நம்பமாட்டியள். கண்ணாலை பாத்திட்டு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ.”

“வாறன்,” என்றார் ஜெயதீபன்.

அடுத்த நாள் கந்தோருக்கென்று வெளிக்கிட்ட சுதாகரன் தெருமுனை முடக்கில் மச்சானோடு நின்றான். பத்தே காலுக்கு இரண்டு பேரும் பின் படலையால் உள்ளே போனார்கள்.

குசினி யன்னல் திறந்திருந்தது. மேசையில் லப்ரொப், வயர் இல்லாமல். அதன் முதுகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. மூடிக்கு மேலால் உதயகலாவின் முகம். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“பொறு, பொறு. போயிடாதை,” என்றாள் திரையைப் பார்த்து.

ஜெயதீபன் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

சுதாகரன் உள்ளே பாய்ந்தான். “ஆரடி அவன்?”

அவள் திடுக்கிட்டு, மடியிலிருந்ததை மேசைக்குக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள்.

“எவன்?”

“ஒவ்வொரு நாளும் ஒன்பதரைக்குத் திறந்து வைச்சுக் கதைக்கிறியே, அவன். கொண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன். அவருக்கு முன்னாலை சொல்லு.”

அவள் வாசலில் நின்ற தமையனைக் கண்டாள்.

“நீங்களும் நம்பித்தானே அண்ணை வந்தனீங்கள்?”

ஜெயதீபன் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

உதயகலா பிறகு தமையனுக்குத்தான் சொன்னாள். புருசனின் பக்கம் திரும்பவில்லை.

“முந்தின பற்றரி வீங்கி மூடியைத் தூக்கிப்போட்டுது. நான்தான் கடைக்குக் கொண்டுபோய் மாத்தினனான். எந்த நேரமும் வயரிலை விட்டதாலைதான் வீங்கினது, இனி நாளும் பாதிமட்டும் இறக்கி ஏத்துங்கோ எண்டு கடைக்காரர் சொன்னவர். வந்து இவருக்குச் சொன்னன். உனக்கென்ன தெரியும், அது மலிவுப் பற்றரி எண்டு வாயை அடைச்சிட்டார். வேலையாலை வந்து களைப்போடை இருந்து பிளான் கீறுறவர். பழைய பற்றரி தாங்காமல், கரண்ட் போய் எல்லாம் அழிஞ்சு, தலையிலை கை வைச்சுக்கொண்டு இருந்ததை ரண்டு தரம் பாத்தனான். அதுதான், இவர் போனாப்போலை வயரைக் கழட்டுவன். பாதிக்கு வந்ததும் நிப்பாட்டி, இவர் வாறதுக்கு முன்னம் ஏத்தி வைப்பன்.”

ஜெயதீபன் மச்சானைப் பார்த்தார்.

சுதாகரன் விடவில்லை. “இறக்கிறதெண்டால் சும்மா இறக்கவேண்டியதுதானே. உதிலை ரண்டரை மணித்தியாலமா என்ன பாத்தனி? ஆரைப் பாத்து அழுதனி?”

அவள் லப்ரொப்பை இரண்டு பேருக்கும் தெரியத் திருப்பினாள்.

“பாஸ்வேட் கேக்கிற பெட்டியை. அதுக்கங்காலை போக எனக்குத் தெரியாது, நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை. விட்டால் அணைஞ்சு போயிடும், பிறகு பற்றரி இறங்காது, ஒரு விரலாலை தட்டித் தட்டி வைச்சுக்கொண்டு, மூண்டு வருசமா இதுக்கு முன்னாலை இருந்து உங்கடை கறிக்கு வெங்காயம் உரிக்கிறன்.”