பதினொரு பிள்ளைகள்

மின்மயானக் கதவு திறக்க வேண்டுமானால் இறந்தவரின் பிள்ளைகள் அத்தனை பேரும் விரல் வைக்க வேண்டும். மு. சின்னதுரைக்கு ஒரே மகள் ஜெயக்கொடி. திரையோ பதினொரு பிள்ளைகள் என்றது.

பதிவேடுகளை இணைக்கும் கலைவாணன் கணினியைக் குடைந்தான். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள் என்று கணினி எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்களோ தேதி தெரியாத பிள்ளைகளையெல்லாம் ஜூன் ஒன்றாம் தேதியே பிறக்க வைத்திருந்தார்கள். பல ஊர்ச் சின்னதுரைகள் ஒரே ஆளாகியிருந்தார்கள்.

"அப்பாவோட அம்மா பேரையும் சேர்த்துப் பாருங்க சார்" என்றாள் ஜெயக்கொடி.

பார்த்தான். எந்தச் சின்னதுரையின் பதிவிலும் தாயின் பெயரை யாரும் எழுதியிருக்கவில்லை. வெற்றிடம் வெற்றிடத்தோடு பொருந்தாது. ஜெயக்கொடியின் பதிவிலிருந்த அப்பாவும் இறந்தவரும்கூட வேறு வேறு ஆளாகிவிட்டார்கள்.

"இப்ப பிள்ளையே இல்லைன்னு வருதும்மா. அநாதைப் பிணம்னு அரசாங்கமே எடுத்துட்டுப் போயிரும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பதினொண்ணே இருக்கட்டும். மத்தவங்க நம்பரைக் குடுங்க."

மறுநாள் மதியத்துக்குள் பத்துப் பேரும் வந்து விரல் வைத்தார்கள். ஒருவர் மாலைகூட வாங்கி வந்திருந்தார். கடைசியாக வைத்த தூத்துக்குடிக்காரர் அவளருகே வந்து தயங்கி நின்றார்.

"எங்கப்பாவுக்கும் உடம்பு முடியலக்கா. கூப்பிட்டா நீங்களும் வரணும்."