மூன்று இங்கிலீசுச் சொல்

நாற்பத்து மூன்று ரூபாய் அறுபத்தைந்து சதம். வீரய்யா எப்போதோ கட்டி முடித்த அரிசிக் கடனில் இன்னும் அவ்வளவு பாக்கி என்றார் சின்னத்தம்பி கணக்கப்பிள்ளை. கட்டாவிட்டால் இந்த மாதச் சம்பளம் கைக்கு வராது.

தேயிலைத் தோட்டத்துத் துரை, வேலைக்காட்டிலிருந்த புருசன் பெண்சாதி இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார். கணக்கப்பிள்ளை இங்கிலீசில் அடுக்கினார்.

"ட்ரூலி சேர். ஒனெஸ்ட்லி சேர். ஜெனுயின் கணக்கு சேர்."

துரை தலையை ஆட்டினார்.

வீரய்யா மனைவியிடம் முணுமுணுத்தான்: "உண்மைக்கே அவருகிட்ட மூணு இங்கிலீசு இருக்கு மீனம்மா. நம்மகிட்ட 'நெசமாங்க' ஒண்ணுதான். எடுபடுமா?"

மீனம்மா மடியிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்துக் கணக்கப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"இங்கிலீசு எங்களுக்கு விளங்காதுங்க. மாரியம்மா சாட்சியா இந்தச் சூடத்தை ஏத்தி, கையால அடிச்சு அணைச்சு, அதையே தமிழ்ல சொல்லிருங்க. என் தோட்டை வித்தாவது கட்டிர்றோம்."

"துரைக்கு முன்னால என்ன பேச்சு இது?" என்றார் கணக்கப்பிள்ளை. கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

பன்னிரண்டு வருடம் இந்த மலையில் இருந்த துரைக்குச் சூடச் சத்தியம் தெரியும். அவர் அந்தக் கையையே பார்த்தார்.

"மிஸ்டேக் சேர்," என்றார் கணக்கப்பிள்ளை கடைசியில்.

துரை பேனாவை எடுத்து அந்தப் பாக்கியை அடித்துவிட்டார்.

லயத்து வீட்டுக்கு இறங்கும்போது வீரய்யா கேட்டான்: "வேலைக்காட்டுல ஏது புள்ள சூடம்?"

"சூடமா? தொண்டைக் கமறலுக்கு வச்சிருந்த கற்கண்டு," என்று மீனம்மா அதைக் கடித்து, பாதியை அவன் வாயில் போட்டாள்.