பன்னிரண்டு மணி நேரம்

என் மனைவி பெட்ரீசியாவுக்கு லூபஸ் நோய் வந்து ஆறு வருடமாகிறது. மருந்து மாதிரியே தூக்கமும் முக்கியம் என்றார் ஈப்போ டாக்டர். தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று எழுதிவரச் சொன்னார். தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம் இரண்டு வாங்கினேன். காலையில் சுவரில் தொங்கும் குதிரைப் பந்தயக் காலண்டர் கட்டத்தில் அவளுடைய எண்ணை எழுதுவேன். சும்மா என்னுடையதையும் எழுதுவேன்.

அவள் மூன்று, நான் ஒன்பது. அவள் நாலு, நான் எட்டு. ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். எந்த நாளைக் கூட்டினாலும் பன்னிரண்டு.

அவளிடம் சொல்லவில்லை. சின்ன வயதில் ரப்பர் எஸ்டேட்டில் அம்மாவோடு பால் மரம் வெட்டப் போன மாதிரி, நாலு மணிக்கே எழ ஆரம்பித்தேன். அவளுக்கு ஏழு வந்தது, பிறகு எட்டு. விரல் வீக்கம் வடிந்தது. அவளே தோசை சுட்டாள். நான் மிச்ச நாலு மணி நேரத் தூக்கத்தோடு லோரி ஓட்டினேன்.

போன சனிக்கிழமை தூக்கத்தை அடக்க முடியவில்லை. கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படுத்தேன். கணக்கில் வராது என்று நினைத்தேன்.

கண் விழித்தபோது பக்கத்து வீட்டார் ஞாயிறு பூசை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெட்ரீசியா கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்து, விரல்கள் வீங்கியிருந்தன. என் கையில் கடிகாரம் இருந்தது.

"நான்தான் மாட்டிவிட்டேன். நல்லா தூங்குனீங்களா? லோரி ஓட்டுறவங்க தூங்கணும் லா."

காலண்டரில் அன்றைய கட்டத்தை அவளே நிரப்பியிருந்தாள். எனக்குப் பன்னிரண்டு, அவளுக்குப் பூஜ்யம். மாதக் கடைசி வரை எல்லாக் கட்டத்திலும் அப்படியே எழுதியிருந்தாள்.